ஒன்பதாவது ரொட்டி

மஸ்கட்டிலிருந்து எப்சிபா மதினி கொண்டுவந்த மெஷின்
கைப்பிடி வைத்த சின்ன பீரோ மாதிரி இருக்கும்.
"மாவைப் போடு, தண்ணிய ஊத்து, பொத்தான அமுக்கு,
மத்தத அது பாத்துக்கிடும்" என்றாள்.
பார்த்துக்கொள்ளவில்லை.

முதல் ரொட்டியை மேசையில் வைத்தபோது
மேசைதான் சத்தம் போட்டது.
ஈஸ்ட் செத்துப்போயிருந்தது.
இளஞ்சூட்டுத் தண்ணீர் என்றிருந்தது கையேட்டில்.
அக்னி நட்சத்திரத்தில், மதியம் இரண்டு மணிக்கு,
மொட்டைமாடி டாங்கிலிருந்து இறங்கும் தண்ணீரில்
பாளையங்கோட்டையில் முகம் கழுவ முடியாது.
அதில்தான் கரைத்தேன்.

அறை வெப்பம் இருபது டிகிரி என்கிறது அதே கையேடு.
எந்த அறை? யாருடைய அறை?

பிறகு பானைத் தண்ணீர் ஊற்றினேன். உப்பை மறந்தேன்.
உப்பில்லாத மாவுக்கு அடக்கம் கிடையாது.
எழும்பி எழும்பி மூடியைத் தொட்டு
கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி நின்றது,
டவுன் பஸ் ஜன்னலில் தூங்குகிறவரைப் போல.

நோட்டுப் போட ஆரம்பித்தேன்.
ஆபீசில் லைன் வாரியாகப் பழுது எழுதுகிற பழக்கம்.

மூன்று: உச்சி குழிந்தது. தண்ணீர் கூடுதல்.
நான்கு: அதே குழி. தண்ணீர் கூடுதல் இல்லை.
ஆனி மாதம், மலைப்பக்கமிருந்து சாரல் காற்று;
டப்பாவுக்குள் இருந்தபடியே மாவு ஈரம் குடித்திருக்கிறது.
இரண்டு ஸ்பூன் குறைக்க வேண்டும் என்று
ஆறாவதில்தான் புத்தி வந்தது.
ஐந்து: துடுப்பை மாட்டாமலே ஓடவிட்டேன்.
மேலே புழுதி, அடியில் பசை,
வாசனை மட்டும் ரொட்டிக்கடை.
ஏழில் துடுப்பு ரொட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.
தேவநேசன் கத்தியால் தோண்டி எடுத்து,
"இதென்ன, மாங்கொட்டையா?" என்றார்.
ஷைனி அந்தப் பொத்தலில் சீனியை நிரப்பித் தின்றாள்.
எட்டு பரவாயில்லை.
எட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒன்பது, ஒரு சனிக்கிழமை.
பதினொன்றேகாலுக்கு ஷைனி ஆபீசுக்குப் படம் அனுப்பினாள்:
பிள்ளை வயிறு போல வழுவழுவென்று ஒரு மேடு.
"அம்மா, நான் டியூஷனுக்குப் போறேன். இது நல்லா வருது."

பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பலவேசம்:
"மேடம், சர்ச் தெரு லைன்ல வேப்பங்கொப்பு சாஞ்சு கெடக்கு.
காத்துக்கு ஆடி ஆடி பொறி பறக்கு.
சப்ளைய நிறுத்துங்க, ஏறணும்."

சர்ச் தெரு லைனில்தான் எங்கள் வீடு.
பத்து நிமிடம் கரண்ட் போனால்
விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும் மெஷின்.
கொப்பு வெட்ட நாற்பதாகும்.
மாவு சுடத் தொடங்க இன்னும் இருபது.
கொஞ்சம் பொறுங்க என்று
வாய்வரைக்கும் வந்தது.
அந்த அரை நொடியை நோட்டில் எழுதவில்லை.
இங்கே எழுதுகிறேன்.

"நிறுத்தியாச்சா மேடம்?"
"ஆச்சு. எர்த் போட்டுட்டு ஏறுங்க."

சாயங்காலம் போனபோது, அன்றைக்குத்தான் வாங்கியதுபோல்
முதல் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது மெஷின்.
மாவு பொங்கி, களைத்து, ஒருச்சாய்த்துப் படுத்து
கள் வாசம் அடித்தது.
பிய்த்துப் பிய்த்து இட்லித் தட்டில் வைத்து அவித்தேன்.
அயிரை மீன் குழம்பில் முக்கி
ஷைனி இரண்டு தின்றாள், ஒன்றும் கேட்காமல்.
தேவநேசன் கேட்டார். சொல்லவில்லை.

ஒன்பது:
தண்ணீர் சரி. உப்பு சரி. ஈஸ்ட் உயிரோடு இருந்தது.
துடுப்பு மாட்டியிருந்தது.
காரணம்: நான்.
மாற்ற வேண்டியது என்ற கட்டத்தில்
பேனா முனை பட்டு ஒரு நீலப் புள்ளி,
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பலவேசம் வந்தார்,
முழங்கையில் சிராய்ப்பு, காதோரம் வேப்பிலைத் தூசி,
கையெழுத்துக்கு ஒரு தாள்.
போட்டுக் கொடுத்தேன்.

பத்தாவதை இன்று ராத்திரி போட்டிருக்கிறேன்.
அடுக்களையில் மெஷின் பிசைகிறது;
மேசை கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுவரை விட்டு நகர்கிறது.
வெளியே காற்று.
தலைமாட்டில் போன்.
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே குரல்.
எது முதலில் கூப்பிடுமோ,
கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன்.